அவர் தலையில் கட்டாதீர்கள்

ஆண்டவர் யாரையும் கைவிடமாட்டார் என்று ராமாபுரம் பக்கத்து ஆட்களுக்குப் பிரசங்கம் செய்ய யாரும் மெனக்கெட வேண்டாம். அது எங்களுக்குத் தெரியும். அவர் கைவிடவில்லை. கைவிட்டவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, மாதச் சம்பளம் உண்டு, சிலருக்குப் பதக்கமும் உண்டு. அந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்கவேண்டிய இடத்திலெல்லாம் "எல்லாம் கடவுள் சித்தம்" என்று வாயை அடைத்தே முப்பது வருஷம் ஓட்டிவிட்டார்கள். மனுஷன் செய்த அநியாயத்தைத் தூக்கி ஆண்டவர் தலையில் கட்டுவதற்குப் பக்தி என்று பெயராம். நான் அதை அவதூறு என்பேன்.

ராமாபுரம் இன்றைக்குச் சாமராஜநகர் மாவட்டம், ஹனூர் தாலுகா. நான் சொல்லும் காலத்தில் மைசூர் மாவட்டம், கொள்ளேகால் தாலுகா. அதற்கும் முன்னால், 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன், இந்தத் தாலுகா முழுக்க மதராஸ் மாகாணத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. மாநிலங்களைப் பிரித்தபோது எங்களைக் கேட்டா பிரித்தார்கள்? வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் கன்னடம், கோர்ட்டில் இங்கிலீஷ் என்று ஆகிப்போனது. ஒரு பக்கம் மாதேஸ்வரன் மலை. இன்னொரு பக்கம் நால்ரோடு தாண்டி பர்கூர் காடு, அந்தியூர். நடுவில் மார்டள்ளி, சந்தனப்பாளையம் என்று தலைமுறை தலைமுறையாகப் பூசை கேட்டு, பெரிய வெள்ளிக்குச் சிலுவைப்பாதை போகிற தமிழ்க் கத்தோலிக்க ஊர்கள். சுற்றிலும் லிங்காயத்துகள், சோளகர்கள், மாரம்மனுக்கும் மாதப்பனுக்கும் நேர்ந்துகொள்கிற ஜனங்கள். காட்டோரம், கல்லாங்காடு, கேழ்வரகு. பெரிய ஊர்க்காரன் எவனும் எட்டிப்பார்க்காத சீமை. சந்தனமும் தந்தமும் கடத்திய வீரப்பன் வந்தபிறகுதான் எல்லோரும் எட்டிப்பார்த்தார்கள். பார்த்த கண்ணுக்கு நாங்கள் எல்லோரும் வீரப்பனாகத் தெரிந்தோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் காடு கொள்ளையடித்தவனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பீர்கள். 1992 மே மாதம் வீரப்பன் கும்பல் ராமாபுரம் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே புகுந்து ஐந்து போலீஸ்காரர்களைக் கொன்றது. அதே வருஷம் ஆகஸ்ட் 14-ஆம் தேதி, மீண்யம் பக்கம் வண்டியை மறித்துச் சுட்டதில் எஸ்.பி. ஹரிகிருஷ்ணா செத்தார், சப் இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமது செத்தார், கூடப் போனவர்களும் செத்தார்கள். 1993 ஏப்ரல் 9-ஆம் தேதி பாலாறு அருகே கண்ணிவெடி. 22 பேர். அவர்களில் போலீஸ்காரர்கள் உண்டு, வனக்காவலர்கள் உண்டு, வழிகாட்டக் கூட்டிப்போன ஊர் ஆட்களும் உண்டு. இவர்கள் ஒவ்வொருவரையும் ஒரு தாய்தான் பெற்றாள். அந்தச் சாவுகளுக்கு நியாயம் கற்பிக்கிற நாக்கு எனக்கில்லை.

பாலாறு வெடித்த அந்த ஏப்ரல் 9, பெரிய வெள்ளி.

அன்றைக்கு எங்கள் கோயில்களில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கத்தோலிக்கர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாட்டையால் அடிபட்டு, பொய்ச்சாட்சி சொல்லப்பட்டு, ஆளுநர் கைகழுவிவிட, ராணுவக்காரர்கள் ஆணியடித்துக் கொன்ற ஒருவருக்காக முழங்காலில் நின்றுகொண்டிருப்பார்கள். அந்த நாளுக்குப் பிறகு இந்தச் சீமையில் நடந்தது ஒரே நாளில் முடிகிற பாடு அல்ல. வருஷக்கணக்கில் இழுத்தது. இழுத்துப் போனவர்கள், அடித்தவர்கள், கைகழுவியவர்கள் எல்லோருமே அரசாங்கச் சம்பளக்காரர்கள்தான்.

இரண்டு மாநிலத்துக் கூட்டு அதிரடிப்படை இறங்கியது. தடா சட்டம் கையில் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் தெரியாது. சாதாரணச் சட்டத்தில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அடித்து வாங்கியிருக்கலாம் என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. தடாவில் எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரி எழுதிக்கொண்டால் போதும், அது சாட்சியம். ஜாமீன் என்பது குதிரைக்கொம்பு. தான் குற்றவாளி இல்லை என்று நீதிபதி நம்பும்படி, வழக்கு நடக்கும் முன்பே, ஏழை நிரூபிக்க வேண்டும். இந்த அநியாயம் தாங்காமல்தான் 1995 மே மாதம் அந்தச் சட்டத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். சட்டம் செத்தது, வழக்கு சாகவில்லை. செத்த சட்டத்தின் பேரில் மைசூர் ஜெயிலில் எங்கள் ஆண்களும் பெண்களும் கிடந்தார்கள். ராமாபுரம் ஸ்டேஷன் தாக்குதல், மீண்யம், பாலாறு என்று எல்லா வழக்கும் மைசூர்த் தடா கோர்ட்டுக்குப் போயின. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் எதிரிகள் பட்டியலில். விறகு பொறுக்கினவர், ஆடு மேய்த்தவர், அரிசி விற்றவர். வீரப்பனுக்கு அரிசி விற்றாயா என்று கேட்டால் கடைக்காரன் என்ன சொல்வான்? துப்பாக்கியோடு வருபவனிடம் காசு வாங்காமல் கொடுத்தால் கூட்டாளி, காசு வாங்கிக் கொடுத்தால் வியாபாரக் கூட்டாளி.

மாதேஸ்வரன் மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கால்நடையாகப் போய் முடி இறக்கி, புலிமேல் ஏறிய சாமியைக் கும்பிட்டு, பிள்ளைக்குப் பேர் வைத்துவிட்டு வருகிற மலை அது. அதே மலையில்தான் அதிரடிப்படையின் முகாமும் இருந்தது. அங்கே ஒரு இடத்துக்கு ஜனங்கள் வைத்த பேர் 'ஒர்க்‌ஷாப்'. தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டது, காதிலும் மார்பிலும் மர்ம உறுப்பிலும் கம்பி மாட்டி மெக்கர் பெட்டியைச் சுற்றியது, பெண்களை நாசம் செய்தது, கூட்டிப்போன ஆளைச் சுட்டுவிட்டு 'மோதல்' என்று எழுதியது. கட்டுக்கதை என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.ஜே. சதாசிவாவையும், சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் சி.வி. நரசிம்மனையும் விசாரிக்க அனுப்பியது. கோபிசெட்டிபாளையத்தில், கொளத்தூரில், மலையிலேயே உட்கார்ந்து கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசில்லாத பெண்கள் வந்து, முன்பின் தெரியாத கனவான்கள் முன்னால், கட்டின புருஷனிடமே சொல்லாததைச் சொன்னார்கள். நடுவில் விசாரணைக்குக் கோர்ட்டில் தடை வாங்கி இழுத்தடித்தார்கள். 2003-இல்தான் அறிக்கை போனது. தமிழ்நாட்டுப் பக்கத்து மலைக்கிராமங்களின் பாட்டை ச. பாலமுருகன் 'சோளகர் தொட்டி' என்று நாவலாக எழுதினார். படித்தவர்கள் தூக்கம் போயிற்று என்கிறார்கள். போகட்டும்.

இனி என் சண்டை போலீஸோடு அல்ல, ஆறுதல் சொல்ல வந்தவர்களோடு.

"சிலுவையைச் சுமந்துகொள்ளுங்கள், ஆண்டவர் சோதிக்கிறார்" என்றார்கள். "போன ஜன்மத்துப் பாவம்" என்றார்கள் வேறு சிலர். "கோபம் பாவம், ஒப்புக்கொடுத்துவிடு" என்றார்கள். சுமக்கிறவன் முதுகைப் பார்க்காமல் சிலுவையின் அழகைப் பேசுவது சுலபம். யேசு தன் சிலுவையைத் தானே தேடி வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு அரசாங்கம் செய்து கொடுத்தது. பெரிய வெள்ளியைக் கும்பிடுகிறவர்களுக்கு அந்த அரசாங்கம் மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போகிறது?

வேதாகமத்தில் யோபு என்று ஒரு மனுஷன். பிள்ளைகள் செத்து, சொத்து போய், உடம்பெல்லாம் புண்ணாகச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். நண்பர்கள் வருகிறார்கள். நீ ஏதோ செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் அடிப்பாரா என்று பாட்டம் பாட்டமாகக் கடவுளுக்கு வக்கீல் வேலை பார்க்கிறார்கள். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. கத்துகிறான், பிறந்த நாளைச் சபிக்கிறான், கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். கடைசியில் ஆண்டவருக்குக் கோபம் வந்தது யார்மேல்? வாய்க்கு வந்தபடி கத்தினவன்மேல் அல்ல. தனக்காக வக்காலத்து வாங்கின யோக்கியர்கள்மேல். யோபு உங்களுக்காக வேண்டிக்கொண்டால்தான் உங்களை விடுவேன் என்று அவர்களை அவனிடமே அனுப்பி வைத்தார். இதைப் பீடத்தில் நின்று முழுசாகச் சொன்ன சாமியார்கள் குறைவு. பொறுமைக்கு யோபு என்று பாதியில் நிறுத்திக்கொள்வார்கள்.

ஆண்டவரே, உம்மை எங்களுக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் கம்பி சுற்றினவன் உம்முடைய ஆள் அல்ல. பதினெட்டு வயசுப் பெண்ணின் கண்ணைக் கட்டி இழுத்துப்போன ஜீப்பை நீர் அனுப்பவில்லை. உம்முடைய குணம் அதுவல்ல. எகிப்தில் செங்கல் அறுத்தவர்களின் ஓலம் உம் காதில் விழுந்தது என்றுதானே எங்களுக்கு மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்தக் காதை நம்பித்தான் கத்துகிறோம். நம்பாதவன் ஏன் கத்தப்போகிறான்? அவன் பேசாமல் எழுந்து போய்விடுவான். எங்கள் ஊர்ப் பெண்கள் மாரம்மன் முன்னால் மண்ணை வாரித் தூற்றிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன், "உனக்குக் கண் இருக்கா" என்று. மறுவாரம் அதே பெண்கள் அவளுக்குக் கூழ் ஊற்றுவார்கள். இரண்டும் ஒரே நம்பிக்கைதான். கோபித்துக்கொள்ள உரிமையுள்ள வீட்டில்தான் கோபித்துக்கொள்கிறோம்.

ஆனால் ஆண்டவரே, நீர் இருந்தும் ஏன் இத்தனை வருஷம்? அதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

2000-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி, காஜனூர் வீட்டிலிருந்து நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போனான். மைசூர் ஜெயிலில் இருந்த 51 தடா கைதிகளை விடு என்பது அவன் கேட்டவற்றில் ஒன்று. ஏழு வருஷமாக எந்த மனுவுக்கும் அசையாத கர்நாடக அரசாங்கத்துக்கு அப்போதுதான் திடீரென்று ஞானம் வந்தது. தடாக் குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். குற்றமற்றவன் என்று வெளியே விடவில்லை, ஒரு நடிகருக்கு ஈடாக விட நினைத்தார்கள். எங்கள் ஜனங்களுக்கு அரசாங்கம் போட்ட மதிப்பு அதுதான். கொல்லப்பட்ட ஷகீல் அகமதுவின் தகப்பனார் அப்துல் கரீம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டையே செல்லாது என்று தள்ளியது. அடுத்த வாரம் ராஜ்குமார் வீடு திரும்பினார். எங்கள் ஆட்கள் திரும்பவில்லை.

அந்தத் தகப்பன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மகனைப் பறிகொடுத்த கிழவர், கொன்றவன் மிரட்டலுக்கு அரசாங்கம் பணியக்கூடாது என்றார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் போயிருப்பேன். அவரும் ஆண்டவனை நம்பினவர்தான், ஐந்து வேளை தொழுதவர்களின் நியாயமும் அதே வாசலில்தான் காத்திருக்கிறது. என் கோபமெல்லாம் இரண்டு பக்கத்து அழுகையையும் ஒன்றோடொன்று மோதவிட்டு நடுவில் பேசாமல் இருந்த அரசாங்கத்தின்மேல். ஒழுங்காக விசாரித்திருந்தால் அவருக்கும் நியாயம் கிடைத்திருக்கும், எங்களுக்கும் கிடைத்திருக்கும்.

2001 செப்டம்பரில் மைசூர்க் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பெரும்பாலானோர்மேல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. எட்டு வருஷம் உள்ளே இருந்தவரிடம், உன்மேல் தப்பில்லை, வீட்டுக்குப் போ என்றால், எந்த வீட்டுக்குப் போவது? போகும்போது இடுப்பில் இருந்த பிள்ளை மீசை முளைக்கிற பருவத்தில் நிற்கிறது. நிலம் தரிசு. மாடு இல்லை. மனைவி கூலிக்குப் போய்க் கை காய்த்துப்போய் இருக்கிறாள், அல்லது இல்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சிலருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சைமன், ஞானப்பிரகாசம், பிலவேந்திரன், மீசைக்கார மாதையன் நால்வரும் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். 2004 ஜனவரி 29-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து ஆயுளைத் தூக்குத் தண்டனையாக உயர்த்தியது. குறைக்கக் கேட்டுப் போனவர்களுக்குக் கயிறு. அவர்கள் செய்தார்களா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. எஸ்.பி. எழுதிக்கொண்டால் சாட்சியம் என்ற சட்டத்தின் கீழ் நடந்த வழக்கில் ஒருவனைத் தூக்கில் போடலாமா என்று மட்டும் கேட்கிறேன். கருணை மனு ஒன்பது வருஷம் டெல்லியில் கிடந்தது. 2013 பிப்ரவரியில் நிராகரித்தார்கள். பெலகாவி ஹிண்டல்கா ஜெயிலில் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசி நேரத்தில் தடை. 2014 ஜனவரி 21-ஆம் தேதி, இத்தனை வருஷம் ஒருவனைச் சாவின் வாசலில் நிறுத்தி வைப்பதே கொடுமை என்று சொல்லி, நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு நாடு முழுக்க 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அதில் இந்த நான்கு பேரும் இருந்தார்கள். ஞானப்பிரகாசத்துக்கு ஜாமீன் கிடைத்தது 2022-இல். அதுவும் நுரையீரலில் புற்றுநோய் வந்த பிறகு. 29 வருஷம் உள்ளே.

நடுவில், 2004 அக்டோபர் 18-ஆம் தேதி இரவு, தர்மபுரி பாப்பாரப்பட்டி அருகே வீரப்பனைச் சுட்டார்கள். இனிப்புக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டு அரசு அதிரடிப்படையில் இருந்த ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் ரூபாய் ரொக்கம், ஒரு வீட்டு மனை, ஒரு படி பதவி உயர்வு அறிவித்தது. மனித உரிமை ஆணையம் 2007 ஜனவரியில், பாதிக்கப்பட்ட 89 பேருக்கு மொத்தமாக 2 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. வகுத்துப் பாருங்கள். தலைக்கு 3 லட்சத்துச் சொச்சம். மெக்கர் பெட்டி சுற்றினவர் கூட்டத்துக்கும் சுற்றப்பட்டவர் கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே விலை. எங்களுக்கு மனை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். படையில் நல்லவர்களும் இருந்திருப்பார்கள், மலேரியாவில் படுத்தவர்களும் கால் போனவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் கொடுக்கட்டும். ஆனால் அந்த ஒர்க்‌ஷாப் நடத்தியதற்காக ஒருவர்கூட ஜெயிலுக்குப் போகவில்லை. இழப்பீடு கொடுத்தால் குற்றம் நடந்தது என்றுதானே அர்த்தம்? நடந்தது என்றால் செய்தவர் எங்கே?

வேண்டுமென்றால் முடியும். தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் முடிந்தது. அங்கேயும் அதே சந்தன மரம், அதே 1992, ஜூன் மாதம். வனத்துறையும் போலீசும் ரெவின்யூவும் சேர்ந்து ஊரைச் சூறையாடி, 18 பெண்களை நாசம் செய்தார்கள். வெறும் மலைவாசிகள். அவர்கள் விடவில்லை. கட்சிக்காரர்களும் சங்கத்துக்காரர்களும் வக்கீல்களும் கூட நின்றார்கள், சி.பி.ஐ. வந்தது. 2011-இல் தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கே ஆண்டவர் இறங்கி வந்தாரா என்றால், வந்தார் என்றே நம்புகிறேன். மனு எழுதத் தெரிந்த ஆளாக வந்தார், தேதிக்குத் தேதி கோர்ட்டுக்கு அலைந்த கிழவியாக வந்தார். எங்கள் பக்கம் வந்தவரை 'சித்தம்' 'விதி' என்று சொல்லி ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டீர்கள்.

"பழையதை ஏன் கிளறுகிறாய், மன்னித்துவிடு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று இப்போதும் சொல்கிறார்கள். மன்னிப்பு என்பது கேட்கிறவனுக்குக் கொடுப்பது. இதுவரை யார் கேட்டார்கள்? கேட்கட்டும். சதாசிவா அறிக்கையைக் கன்னடத்திலும் தமிழிலும் அச்சடித்து, ராமாபுரம் சந்தையில் மைக் கட்டி முழுசாக வாசிக்கட்டும். எந்த அதிகாரி, எந்தத் தேதி, எந்த ஊர் ஆள் என்று வாசிக்கட்டும். குற்றமற்றவர் என்று கோர்ட் சொன்ன ஒவ்வொருவருக்கும் உள்ளே போன வருஷத்துக்குக் கணக்குப் பார்க்கட்டும். செத்தவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். சந்தனத்தையும் தந்தத்தையும் காட்டுக்கு வெளியே நின்று வாங்கினவர்கள் யார் என்று இப்போதாவது தேடட்டும். வெட்டினவனும் சோறு போட்டவனும் தடாவில் போனான். வாங்கினவனின் மாடிவீடு எந்த ஊரில் இருக்கிறது?

அதுவரை நான் ஜெபித்துக்கொண்டுதான் இருப்பேன். என் ஜெபத்தில் உள்ளே போனவர்கள், போய்த் திரும்பாதவர்கள், அந்த ஐந்து போலீஸ்காரர்கள், ஷகீல் அகமதுவின் தகப்பனார், எல்லோரும் உண்டு. அந்த முகாமை நடத்திய அதிகாரிகளும் உண்டு. நல்ல ஆயுசு கொடும் ஆண்டவரே, கூண்டில் ஏறி நின்று கேட்ட கேள்விக்கு வாய் திறந்து பதில் சொல்கிற வரைக்கும் அவர்களுக்கு ஞாபகம் தப்பாமல், காது மங்காமல் வைத்திரும் என்றுதான் தினமும் கேட்கிறேன்.